ஜார்ஜ் டவுன் பழைய டவுனுக்கு ஒரு நாள்: வேன் பேக்கேஜா, நடை டூரா, தனி கைடா, இல்ல நாமளே சுத்திக்கலாமா?

மலேசியாவுல இருக்கிற பினாங்குக்கு பிளான் போடுறவங்க எல்லாரும் வந்து முட்டி நிக்குற இடம் இதுதான். ஜார்ஜ் டவுனுக்குன்னு கையில ஒரு நாள் இருக்கு, நெட்ல தேடினா ஆளாளுக்கு ஒரு டூர் விக்கிறாங்க, வேன்ல கூட்டிட்டுப் போறது, நடக்க வைக்கிறது, ட்ரைஷாங்கிற மூணு சக்கர சைக்கிள் வண்டியில உக்கார வைக்கிறது, கடைசியில டிப்ஸ் குடுத்தா போதும்ங்கிறது, இதுல எதை எடுக்கிறது, இல்ல கைடே வேணாம் மேப்பை வச்சுக்கிட்டு நாமளே பாத்துக்கலாமா? என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன், அவசரத்துல இருக்கிறவங்க இதோட கிளம்பிடலாம். முழு நாள் டூர் எதுவும் எடுக்காதீங்க. காலைல மூணு மணி நேரம் லைசென்ஸ் வாங்கின கைடோட நடை, அதுவும் முக்கியமா சீனப் பக்கத்துக்கு. மத்தியான வெயில்ல ஏதாவது ஒரு பழைய மாளிகைக்குள்ள நடக்கிற டூர். மிச்சம் எல்லாம் சொந்தக் கால்ல.

ஏன்னு புரியணும்னா முதல்ல அந்த இடத்தோட சைஸ் தெரியணும். 2008ல மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேத்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க இல்லையா, அதுல ஜார்ஜ் டவுனோட மையப் பகுதி வெறும் 109 ஹெக்டேர் சொச்சம், சுத்தி பாதுகாப்புக்குன்னு விட்ட பஃபர் ஏரியா இன்னொரு 150. அவ்வளவுதான். தரை முழுக்க சமதளம். கார்ன்வாலிஸ் கோட்டையில ஆரம்பிச்சு எங்கயும் நிக்காம நடந்தா கடல் மேல கட்டின சியூ ஜெட்டி வீடுகளுக்கு அரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம். இவ்வளவு சின்ன இடத்துக்கு வண்டி எதுக்கு, நாள் முழுக்க கைடு எதுக்கு, அந்தக் கேள்வி முதல்லயே வந்துடுது.

ஆனா சின்ன இடம்னா சுலபமான இடம்னு அர்த்தம் இல்ல. தெருவுல இருந்து பாத்தா எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி ரெண்டு மாடி ஷாப்ஹவுஸ் தான், கீழ கடை, மேல வீடு, முன்னாடி அஞ்சடின்னு சொல்ற நடைபாதை. இந்த மாதிரி ஆயிரக்கணக்குல தப்பிச்சு நின்னதுக்கு யாரும் அழகை ரசிச்சுக் காப்பாத்தினாங்கன்னு நினைக்க வேணாம், பெரிய காரணம் வாடகைச் சட்டம். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால பழைய கட்டடத்துக்கு வாடகையை ஏத்த முடியாது, குடியிருக்கிறவங்களைக் கிளப்ப முடியாது, அதனால இடிச்சுக் கட்டுற ஆசையே ஓனர்களுக்கு வரல. 2000ல அந்தச் சட்டம் போனதும் வாடகை எகிறிடுச்சு, தலைமுறை தலைமுறையா இருந்த குடும்பங்களும் கைத்தொழில்காரங்களும் வெளிய போக வேண்டியதாச்சு, அந்த இடத்துல எல்லாம் கஃபேவும் ஹோட்டலும் வந்து உக்காந்துச்சு. இன்னிக்கு நீங்க பாக்குற ஒரு கதவுக்குப் பின்னாடி ஹோட்டல் இருக்கா, சங்கம் இருக்கா, ஊதுபத்தி உருட்டுற பெரியவர் இருக்காரான்னு வெளிய நின்னு கண்டுபிடிக்க முடியாது. கைடு வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதே இந்தக் கதவு விஷயம்தான், எத்தனை ஸ்பாட் காட்டுறாங்கன்னு எண்ணிப் பாக்குறதுல பிரயோஜனம் இல்ல.

இன்னொன்னு, இங்கிலீஷ்ல எழுதுறவங்க யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கு இது தேவையே இல்ல. இந்தப் பழைய டவுன்ல பாதி, தமிழ் தெரிஞ்சவங்களுக்குத் தானாவே புரியும். சூலியா ஸ்ட்ரீட்ல நாகூர் தர்கா இருக்கு, நம்ம நாகூர் ஆண்டவர் பேருல இங்கேர்ந்து போன வியாபாரிகள் 1800கள்ல கட்டினது. கொஞ்சம் தள்ளி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதுக்கு அடிப்படை போட்டதும் தமிழ் முஸ்லிம் மரைக்காயர் கூட்டம்தான், கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் குடுத்துச்சு, அவங்க தலைவரா இருந்த காதர் மைதீன் மரைக்காயரைத்தான் கப்பித்தானா, அதாவது அந்தச் சமூகத்துக்கு அதிகாரப்பூர்வத் தலைவரா வச்சாங்க. குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டின மாரியம்மன் கோயில். பினாங்கு ஸ்ட்ரீட் நகரத்தாரோட கிட்டங்கி, அதாவது வட்டிக்கடை இருந்த தெரு, தைப்பூசத்துக்கு அவங்களோட வெள்ளித்தேர் இன்னிக்கும் அங்க இருக்கிற கோயில் வீட்ல இருந்துதான் கிளம்புது. போர்டு எல்லாம் தமிழ்ல, கடைக்காரர் தமிழ்ல "உள்ள வாங்க"ங்கிறார். இதை விளக்க உங்களுக்கு ஒரு ஆள் தேவையா?

இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

முழு நாள் வேன் பேக்கேஜ். ஹோட்டல்ல வந்து ஏத்திக்குவாங்க, ஏசி இருக்கும், நாள் முடிஞ்சதும் திரும்பக் கொண்டு வந்து விடுவாங்க. சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. பிரச்சனை என்னன்னா பேர்ல ஹெரிட்டேஜ் டூர்னு இருந்தாலும் உள்ள பாத்தா பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், ஒரு பட்டிக் ஃபேக்டரி, ஒரு சாக்லேட் கடை, நடுவுல ஜார்ஜ் டவுன். மலையும் கெக் லோக் சியும் ஆயர் ஈத்தாம் பக்கம், பழைய டவுன்ல இருந்து வேற திசை, மலை ரயிலுக்கு லீவு நாள்ல நிக்குற க்யூவே பாதி நாளைத் தின்னுடும். கடைசியில ஜார்ஜ் டவுனுக்குக் கிடைக்கிறது ஒன்றரை மணி நேரம், அதுல ஆர்மீனியன் ஸ்ட்ரீட்ல இறக்கி விட்டு சைக்கிள் ஓவியத்து முன்னாடி போட்டோ எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டு டிரைவர் வண்டியிலயே உக்காந்திருப்பார். நுனிப்புல் மேயுறதுதான். அந்தச் சாக்லேட் கடை எதுக்குன்னு கேக்கவே வேணாம், உங்களுக்கே தெரியும்.

ஆனாலும் வேன் சரியா வர்ற ஆளுங்க இருக்காங்க, அதை மறைக்கக் கூடாது. முட்டி வலி உள்ள அப்பா அம்மாவோட போறீங்க, மலையும் பாத்தே ஆகணும்ங்கிறாங்க, இருக்கிறது ஒரே நாள், அப்போ வேன் எடுங்க. ஆனா பேக்கேஜா வாங்காம வண்டியை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்துட்டு எங்க போகணும்னு நீங்க சொல்லுங்க. கடைக்கு நிறுத்தக் கூடாதுன்னு முன்கூட்டியே பேசிடுங்க.

அடுத்தது குரூப் நடை டூர். இதுல ரெண்டு வகை, தலைக்கு இவ்வளவுன்னு முன்னாடியே கட்டுறது, இன்னொண்ணு இலவசம்னு போட்டுட்டு கடைசியில டிப்ஸ் வாங்குறது. இலவசம்னா இலவசம் இல்லைங்க, அந்தக் கைடுக்கு அதுதான் அன்னிக்கு வருமானம், முடிஞ்சதும் நைசா நழுவுறது அசிங்கம். எப்படிப் பாத்தாலும் தனியா இல்ல ஜோடியா போறவங்களுக்கு இதுதான் விலை குறைவு. கைடு நல்லவரா அமைஞ்சா ரெண்டரை மணி நேரத்துல நகரத்தோட எலும்புக்கூடு புரிஞ்சிடும்: 1786ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்த ஊரை ஆரம்பிச்ச பிரான்சிஸ் லைட் வந்து இறங்கினது, கடலோரமா ஆபீஸ் கட்டடங்கள், அதுக்குப் பின்னாடி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தெரு, எல்லாக் கோயிலும் ஒரே ரோட்டுல வரிசையா நிக்குறது.

அந்த ரோடு பத்தி ஒரு வார்த்தை. பழைய பேரு பிட் ஸ்ட்ரீட், இப்போ ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். வடக்கு முனையில செயின்ட் ஜார்ஜ் சர்ச், 1818ல முடிஞ்சது, இந்தியாவுல இருந்து கொண்டு வந்த கைதிகளை வச்சுக் கட்டினது. அடுத்து சீனங்களோட கருணை தெய்வம் குவான் யின் கோயில், அப்புறம் நம்ம மாரியம்மன் கோயிலோட பின்பக்கம், அப்புறம் பள்ளிவாசல். எல்லா குரூப் டூரும் இந்த ரூட்லதான் போகும், டூரிஸம் ஆளுங்க நல்லிணக்கத் தெருன்னு பேர் வச்சிருக்காங்க. இங்கதான் தமிழ்க் குடும்பத்துக்குப் பொறுமை போகும். பதினஞ்சு பேர் கூட்டத்துல பதிமூணு பேர் ஐரோப்பாவுல இருந்து வந்தவங்க, கைடு மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு கோபுரம்னா என்ன, செருப்பை ஏன் கழட்டணும், சாமிக்கு ஏன் இத்தனை கைன்னு நிதானமா விளக்கிட்டு இருப்பார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்க கேக்குறாங்க அவர் சொல்றார். நீங்க வெயில்ல நின்னுக்கிட்டு உங்க ஊர் அம்மன் கோயிலைப் பத்தி இங்கிலீஷ்ல பாடம் கேட்டுட்டு இருப்பீங்க, பாட்டி அதுக்குள்ள சாமி கும்பிட்டு குங்குமம் வச்சுட்டு வெளிய வந்திருப்பாங்க. அதே கைடு அடுத்து கூ கோங்சிங்கிற சீனக் குலச் சங்கக் கோயில் வாசலுக்கு வந்ததும் "உள்ள போக டிக்கெட் தனி, நேரம் இல்ல, வெளிய இருந்து பாத்துக்கோங்க"ன்னு சொல்லி நகர்ந்துடுவார். நமக்கு விளக்கம் தேவைப்படுற ஒரே இடம் அதுதான், அங்க மட்டும் கதவு சாத்தியிருக்கும்.

கூட்டத்தோட கோவிந்தா போடுறதுல இருக்கிற குறை அதுதான், ரூட் சராசரி ஆளுக்குன்னு போட்டது. நீங்க சராசரி இல்ல.

இப்போ தனி கைடு. விலையைக் கேட்டதும் பலர் பின்வாங்குற ஆப்ஷன், ஆனா ஒரு கணக்கை விட்டுடுறாங்க. குரூப் டூர்ல தலைக்கு வாங்குறாங்க, தனி கைடு பொதுவா மணிக்கணக்குக்கு இல்ல அரை நாளுக்குன்னு மொத்தமா சொல்வாங்க. ரெண்டு பேருக்கு அது கையைக் கடிக்கும். அஞ்சாறு பேர் குடும்பமா இருந்தா ஆளுக்குப் பிரிச்சுப் பாருங்க, குரூப் டூருக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, பாதி நேரம் அதைவிடக் குறைவாவே வரும். அதோட ரூட் உங்க கையில. மாரியம்மன் கோயில், தர்கா, லிட்டில் இந்தியா எல்லாத்தையும் நாங்க சாயங்காலம் பாத்துக்கிறோம், எங்களை சீன சங்கக் கட்டடங்களுக்கும் ஜெட்டிக்கும் பட்டறைகளுக்கும் மட்டும் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லலாம். இதைச் சொன்னதும் நல்ல கைடுகளுக்கு முகம் மலரும், தினமும் ஒரே பாட்டைப் பாடி அலுத்துப் போயிருப்பாங்க பாவம்.

மலேசியாவுல 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி கைடா வேலை பாக்க லைசென்ஸ் வேணும், பேட்ஜ் கழுத்துல தொங்கணும். பேட்ஜ் இல்லாதவர் நல்லாப் பேசலாம், ஆனா ஏதாவது தகராறுன்னா கேக்க நாதி இல்ல. தமிழ் பேசுற கைடு வேணுமான்னு சிலர் கேப்பாங்க. பெரியவங்க கூட வர்றாங்கன்னா கண்டிப்பா தேடுங்க, இங்கிலீஷ்ல சொல்றதை நீங்க ஒவ்வொரு வரியா மொழிபெயர்த்துட்டே நடக்க முடியாது. மத்தபடி என் ஓட்டு, இங்க சீனங்க பேசுற ஹொக்கியன் மொழி தெரிஞ்ச உள்ளூர் ஆளுக்குத்தான். நமக்குத் தெரியாத பக்கத்துக்கு வீட்டுக்காரர் கூட வந்தாத்தான் உள்பக்கம் தெரியும்.

கூ கோங்சியையே எடுத்துக்கோங்க. கேனன் ஸ்ட்ரீட்ல இருந்து ஒரு சந்து மாதிரி வழி, உள்ள நுழைஞ்சதும் திடீர்னு கருங்கல் பாவின முற்றம், எதிர்ல கூரை முழுக்க டிராகனும் பூவும் ஆளுமா நெருக்கி நிக்குற கோயில். கூங்கிற ஒரே குடும்பப் பேர் உள்ளவங்க சேர்ந்து நடத்துற குலச் சங்கம், நம்ம நகரத்தார் கோயில் வீடு மாதிரி ஒரு ஏற்பாடு. முதல்ல கட்டினது 1901ல எரிஞ்சு போச்சு, ராஜா அரண்மனை அளவுக்கு ஆடம்பரமா கட்டினதால தெய்வம் கோவிச்சுக்கிச்சுன்னு ஊர்ல பேச்சு, அதனால சுருக்கிக் கட்டி 1906ல முடிச்சாங்க. இப்போ நிக்குறது அந்தச் சுருக்கமான வெர்ஷன். தனியா போனா இதை டிக்கெட் கவுன்டர் பேப்பர்லயே படிச்சுக்கலாம். ஆனா உள்ள பக்கத்து மண்டபத்துல சுவர் முழுக்க தங்க எழுத்துப் பலகை தொங்கும், நாம என்ன நினைப்போம், சாமி பேரு, மந்திரம், ஏதோ ஸ்தோத்திரம்னு கும்பிட்டுட்டு நகர்ந்துடுவோம். கைடு நிறுத்திக் காட்டுவார்: அது எல்லாம் அந்தக் குலத்துப் பிள்ளைங்க வாங்கின டிகிரி. இன்னார் வக்கீல், இன்னார் டாக்டர், இந்த யுனிவர்சிட்டின்னு. முன்னோர் பலகை இருக்கிற இடத்துலயே பேரன் வாங்கின டிகிரியையும் மாட்டி வச்சிருக்காங்க. சங்கம் எதுக்குன்னு அந்த ஒரு சுவர் சொல்லிடும், பிள்ளைங்க படிப்புக்கு உதவுறது, வேலை தேடிக் குடுக்கிறது, சண்டை வந்தா தீத்து வைக்கிறது. வாசல் பக்கம் கல்லுல செதுக்கின சீக்கியக் காவலாளி சிலையும் இருக்கும், பணக்காரச் சீன வீடுகளுக்கு அப்போ சர்தார்ஜிங்க தான் காவல், அந்தப் பழக்கத்தைக் கல்லுலயே அடிச்சுட்டாங்க.

சண்டைன்னதும் 1867 ஞாபகம் வருது. கீ ஹின், துவா பெக் கோங்னு ரெண்டு சீன ரகசியச் சங்கங்கள் பத்து நாள் தெருவுல அடிச்சுக்கிட்டாங்க, முஸ்லிம் பக்கத்துல வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடின்னு ரெண்டு கோஷ்டி ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துக்கிச்சு. மதத்துக்கும் இனத்துக்கும் குறுக்க போன கூட்டணி, நல்லிணக்கத் தெருன்னு போர்டு வச்ச அதே ஏரியாவுல. ஆச்சே ஸ்ட்ரீட் பள்ளிவாசல் மினாராவுல ஒரு வட்ட ஓட்டை இருக்கு, அது அப்போ பீரங்கிக் குண்டு போன ஓட்டைன்னு சொல்லுவாங்க. இதை வச்சே ஒரு கைடை எடை போடலாம். "குண்டு போன ஓட்டை"ன்னு அடிச்சு விடுறவர் ஒரு ரகம், "இப்படி ஒரு கதை இருக்கு"ன்னு சொல்லிட்டு கலவரம் எதுக்கு வந்துச்சுன்னு சொல்றவர் இன்னொரு ரகம். லைட் பீரங்கியில வெள்ளிக் காசைப் போட்டு காட்டுக்குள்ள சுட்டார், காசு பொறுக்குற ஆசையில ஆளுங்க காட்டை வெட்டித் தள்ளினாங்கன்னு ஒரு கதையும் எல்லா டூர்லயும் வரும், கேக்க ஜோரா இருக்கும், கதையா கேட்டுக்கோங்க. கோட்டையில நிக்குற லைட் சிலைக்கும் ஒரு கூத்து உண்டு, மனுஷனோட படம் எதுவும் கிடைக்காததால மகன் வில்லியம் லைட் முகத்தைப் பாத்து வடிச்சாங்கன்னு சொல்றாங்க, அந்த மகன் தான் ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு நகரத்துக்கு பிளான் போட்டவர்.

ட்ரைஷா பத்தி சுருக்கமா. பினாங்கு ட்ரைஷால நாம முன்னாடி உக்காருவோம், ஓட்டுறவர் பின்னாடி. நல்ல வியூ, நல்ல காத்து, முன்னாடி பஸ் வந்தா கொஞ்சம் திகிலும் கிடைக்கும். ஓட்டுறவங்க பெரும்பாலும் வயசானவங்க, டவுனை உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவங்க, ஆனா வரலாறு சொல்ற அளவுக்குப் பேச்சு எல்லாருக்கும் வராது, பின்னாடி இருந்து சொல்றது காதுல விழவும் விழாது. டூர்னு நினைக்காம சவாரின்னு நினைச்சு ஒரு மணி நேரத்துக்கு ஏறுங்க, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம், ரேட்டை ஏறுறதுக்கு முன்னாடி பேசிட்டு. நடக்க முடியாத பெரியவங்களுக்கு இது வேனை விடப் பல மடங்கு மேல், வேன் போகாத தெருவுக்குள்ள எல்லாம் போகும்.

சரி, கைடே இல்லாம? தாராளமா முடியும், தமிழ்க்காரங்களுக்கு மத்தவங்களை விட நல்லாவே முடியும். இலவச மேப் டூரிஸ்ட் கவுன்டர்ல கிடைக்குது, கால் வலிச்சா இலவச CAT பஸ் பழைய டவுனைச் சுத்தி ஓடுது, முக்கியமான கட்டடங்கள் முன்னாடி விளக்கப் பலகை இருக்கு. தெருவுக்குத் தெரு சுவர்ல இரும்புக் கம்பியை வளைச்சுச் செஞ்ச கார்ட்டூன் மாட்டியிருக்கும், அதை அலங்காரம்னு தாண்டிப் போகாதீங்க, ஒவ்வொண்ணும் அந்தத் தெருவோட கதை. முன்த்ரி ஸ்ட்ரீட்ல ஒண்ணு, செருப்பு டிசைனர் ஜிம்மி சூ தொழில் கத்துக்கிட்டது இங்கதான்னு சொல்லும். லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் ஜக்காரேவிச் 2012ல வரைஞ்ச சுவர் ஓவியங்களுக்குக் கூட்டம் அம்முது, சைக்கிள்ல போற ரெண்டு குழந்தைங்க ஓவியத்து முன்னாடி க்யூவே நிக்கும், அந்த ஓவியத்தைத் தேடி அலையுறதுக்குன்னு கைடு வைக்கிறது வீண் செலவு, அது மேப்லயே இருக்கு.

சொந்தமா போறதுல ஒரு தொல்லை தெருப்பேர். பிட் ஸ்ட்ரீட்டுக்கு மேப்ல ஒரு பேர், போர்டுல ஒரு பேர், கடைக்காரர் வாயில இன்னொரு பேர். மலாய்ல லெபோன்னாலும் இங்கிலீஷ்ல ஸ்ட்ரீட்டுன்னாலும் ஒண்ணுதான்னு முதல்ல மண்டையில ஏத்திக்கோங்க, பாதிக் குழப்பம் தீரும். இன்னொரு தொல்லை அஞ்சடி. கேக்க நல்லா இருக்கும், கட்டடத்து முன்னாடி அஞ்சடி அகலத்துக்கு நிழல் விட்ட நடைபாதை, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிப் போலாம்னு. நிஜத்துல பத்தடிக்கு ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு வீட்டுத் தரை ஒரு படி மேல, அடுத்தது ரெண்டு படி கீழ, கடை சாமான் வேற. தள்ளுவண்டியில குழந்தையை வச்சுக்கிட்டு, வீல்சேர் தள்ளிக்கிட்டு இதுல போறது சர்க்கஸ். தெருவுல இறங்கித்தான் நடக்கணும், அங்க மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும், பூமத்திய ரேகையில இருந்து அஞ்சு டிகிரிதான் தள்ளி இருக்கு ஊரு.

அந்த மூணு மணி நேரத்துக்குத்தான் மாளிகை டூர். ஊர் டூரை வாங்குறவங்க இதைக் கணக்குலயே சேக்க மாட்டாங்க, ஆனா எனக்குக் கேட்டா காசுக்கு அதிகம் கிடைக்கிறது இதுல தான். லீத் ஸ்ட்ரீட்ல சியோங் ஃபாட் ட்ஸியோட நீல மாளிகை, 38 ரூம், 5 முற்றம், 220 ஜன்னல், சீனாவுல இருந்து சும்மா கையை வீசிட்டு வந்து பெரும் பணக்காரரான மனுஷன் கட்டினது. சுவருக்கு அந்த நீலம் சுண்ணாம்புல அவுரிச் சாயம் கலந்து அடிச்சது. தரை ஓடு இங்கிலாந்து ஸ்டோக் ஆன் ட்ரென்ட்ல இருந்து, இரும்புத் தூண் ஸ்காட்லாந்துல இருந்து, கூரை மேல உடைச்ச பீங்கான் கிண்ணத் துண்டை வெட்டி ஒட்டிச் செஞ்ச பூவும் பறவையும். ஹோட்டலா ஓடுறதால நினைச்ச நேரம் உள்ள நுழைய முடியாது, டூர் நேரத்தைப் பாத்து முன்னாடியே புக் பண்ணிடுங்க. இதுக்கு இடம் கிடைக்கலைன்னா சர்ச் ஸ்ட்ரீட்ல பெரானாக்கான் (இங்கயே தலைமுறையா இருந்து மலாய்ப் பழக்கம் கலந்த சீனச் சமூகம்) மாளிகை, உள்ளயே கைடு விளக்குவாங்க, நகையும் மரச்சாமானும் கண்ணைப் பறிக்கும். வேடிக்கை என்னன்னா அதைக் கட்டின சுங் கெங் குவீ பெரானாக்கானே இல்ல, ஹக்காங்கிற வேற சீனப் பிரிவு ஆளு, ஹாய் சான்ங்கிற இன்னொரு ரகசியச் சங்கத்துக்கே தலைவர். சாமான் எல்லாம் பின்னாடி வந்தவர் சேத்தது. ரெண்டுல ஒண்ணு போதும்னா நீலம். குழந்தைங்க கூட இருந்தா பெரானாக்கான், அவங்களுக்குப் பாக்க சாமான் வேணும்.

கப்பல்ல வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. க்ரூஸ் நிக்குற சுவெட்டன்ஹாம் பியர் பழைய டவுன் வாசல்லயே இருக்கு, இறங்கி நடந்தா விக்டோரியா மணிக்கூண்டும் கோட்டையும் பக்கத்துலயே. கப்பல்ல விக்கிற ஜார்ஜ் டவுன் டூருக்கு நீங்க குடுக்கிற காசுல பாதி, ரோட்டைக் கடக்க பஸ் ஏறுறதுக்குத்தான். லேட்டானா கப்பல் காத்திருக்கும்ங்கிற தைரியம் மட்டும் அதுல கிடைக்கும், அந்த பயம் உள்ளவங்க எடுத்துக்கலாம். கப்பல் நிக்குற நாள்ல ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் காலைல கால் வைக்க முடியாதுங்கிறது மத்தவங்களுக்கான தகவல்.

அப்போ நாளை எப்படிப் போடுறது? எட்டரை மணிக்குக் கைடோட ஆரம்பிங்க. கோட்டையை வெளிய இருந்து பாத்தா போதும். குவான் யின் கோயில், அங்கேர்ந்து ஆர்மீனியன் ஸ்ட்ரீட் 120ஆம் நம்பர் வீடு, 1910ல சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் சீன மன்னராட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்ட வீடு, பாத்தா நம்ப மாட்டீங்க, ஒடுங்கலா ஒரு சாதாரண வீடு. அப்புறம் கூ கோங்சி, கடைசியா சியூ ஜெட்டி. ஜெட்டியில ஆளுங்க குடியிருக்காங்க, துணி காயுது, பாட்டி வாசல்ல உக்காந்திருக்காங்க, வீட்டுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க. கைடு கூட இருந்தா அந்த மரப்பலகைப் பாதையில எங்க நிக்கலாம், எங்க கூடாதுன்னு தெரியும், உள்ளூர்க்காரங்க கிட்ட ஒரு வார்த்தை பேசி சிரிக்கவும் வழி பண்ணுவார். மத்தியானம் மாளிகை. நாலு மணிக்கு மேல லிட்டில் இந்தியா, மாரியம்மன் கோயில், தர்கா, எல்லாம் உங்க இஷ்டத்துக்கு. அங்க உங்களுக்குத் தெரியாததை அங்க இருக்கிறவங்க கிட்டயே தமிழ்ல கேட்டுக்கலாம்.

கைடு கிட்ட வாட்ஸ்அப்ல பேசும்போது மூணு விஷயம் கேளுங்க. கூ கோங்சிக்கு உள்ள கூட்டிட்டுப் போவீங்களா, டிக்கெட் ரேட்ல சேருமா. இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற பட்டறை ஏதாவது, ஊதுபத்தியோ சொங்கோக் தொப்பியோ பெயர்ப்பலகை செதுக்குறதோ, உள்ள போய்ப் பாக்க முடியுமா, இதுக்குப் பதில் சொல்றதுலயே அந்தாளு எவ்வளவு வருஷமா இந்தத் தெருவுல நடக்கிறார்னு தெரிஞ்சிடும். மழை வந்தா என்ன பண்ணுவீங்க, முக்கியமா செப்டம்பர் அக்டோபர்ல போறவங்க. அப்புறம் நீங்க போற நாள் வெள்ளிக்கிழமையா இருந்தா கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை மத்தியானத்துக்கு வைக்காதீங்க, ஜும்ஆ நேரத்துல பார்வையாளர்களை விட மாட்டாங்க. காலைலயே போயிடுங்க, முழங்கால் தெரியுற டிரஸ் போட்டிருந்தாலும் வாசல்ல அங்கி குடுப்பாங்க.